கட்டப்பா ஏன் அடிமை?

2015 ஜூலை 10-லிருந்து 2017 ஏப்ரல் 28 வரை, கிட்டத்தட்ட இரண்டு வருடம், இந்த நாடு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. பாகுபலியைக் கட்டப்பா ஏன் கொன்றான்? டீக்கடையில் கேட்டார்கள், கல்லூரி விடுதியில் கேட்டார்கள், அரசியல் மேடையில்கூட உவமையாக இழுத்தார்கள். இரண்டாம் பாகம் வந்து பதில் சொன்னது. ராஜமாதா உத்தரவு போட்டாள், கொன்றான். அவ்வளவுதான் ரகசியம்.

அந்தப் பதிலுக்குள்ளேயே இன்னொரு கேள்வி உட்கார்ந்திருந்தது. பெற்ற பிள்ளையைப் போலத் தோளில் தூக்கி வளர்த்தவனைக் கொல் என்று சொன்னால், அழுதுகொண்டே போய் முதுகில் வாளைச் செருகும் நிலையில் ஒரு மனிதன் ஏன் இருக்கிறான்? கட்டப்பா ஏன் அடிமை? இதை யாரும் கேட்கவில்லை. ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டி வசூலித்த முதல் இந்தியப் படத்தைப் பார்த்த இத்தனை கோடிப் பேரில், இது ஒரு கேள்வி என்றே பெரும்பாலானோருக்குத் தோன்றவில்லை.

2025 அக்டோபர் 31-ல் இரண்டு பாகங்களையும் வெட்டி ஒட்டி, ஏறக்குறைய மூன்றேமுக்கால் மணி நேரப் படமாக 'பாகுபலி: தி எபிக்' என்று மறுபடியும் வெளியிட்டார்கள். அதிலிருந்து செஞ்சிக் கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மகிழ்மதி கொடிதான் பறக்கிறது. கல்யாண மகால் முன்னால் நின்று கையை விரித்து, பின்னணி இசை போட்டு ரீல்ஸ். எடுப்பவர்களில் பாதிப் பேர் நம் பிள்ளைகள். நம் காலனிப் பிள்ளைகள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், அவர்களைத் திட்டுவதற்காக இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பாகத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறையும் கைதட்டினேன். தேவசேனாவும் பாகுபலியும் அரண்மனைத் தாழ்வாரத்தில் ஒரே நேரத்தில் மூன்று அம்பு விடும் இடம், ரம்யா கிருஷ்ணனின் கண், மரகதமணியின் இசை, இதையெல்லாம் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகத்தில் கதைக்கு உயிர் அதிகம். பிடித்த படத்தைப் பற்றித்தான் சண்டை போட வேண்டும். பிடிக்காத படத்தோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது?

கட்டப்பாவுக்கு வருவோம். அவன் மூதாதையர் யாரோ ஒருவர் மகிழ்மதி சிம்மாசனத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அதனால் அவர் வம்சமே தலைமுறை தலைமுறையாக அடிமை. முதல் பாகத்தில் ஒரு பாரசீக ஆயுத வியாபாரி வந்து, உன்னை விலைகொடுத்து விடுவிக்கிறேன் என்கிறான். முன்னோர் வாக்கு என்று சொல்லிக் கட்டப்பா மறுக்கிறான். படம் அதைப் பெருந்தன்மையாகக் காட்டுகிறது. தியேட்டரில் விசில் பறக்கிறது.

இப்போது சட்டப் புத்தகத்தைத் திறங்கள். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். யார் கொத்தடிமை என்று அது சொல்லும் இடத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். முன்பணம் வாங்கியவர் மட்டும் இல்லை. வழக்கத்தாலோ சமூகக் கடமையாலோ உழைக்கக் கட்டுப்பட்டவர், முன்னோரிடமிருந்து வாரிசாக வந்த கடமையால் கட்டுப்பட்டவர், குறிப்பிட்ட சாதியில் பிறந்ததாலேயே கட்டுப்பட்டவர், எல்லோரும் அதில் வருகிறார்கள். கட்டப்பாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு எழுதியது போலிருக்கும். அந்தச் சட்டப்படி அவன் மூதாதை கொடுத்த வாக்கு செல்லாது. அடிமையாக வைத்திருந்த சிவகாமி தேவிக்கு மூன்று வருடம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ராஜமாதாவின் கட்டளை சாசனமாக இருக்கலாம். நம்மிடமும் ஒரு சாசனம் இருக்கிறது, பாபாசாகேப் தலைமையில் எழுதியது, அதன் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது.

இதில் விளையாட்டுக்கு இடமில்லை. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் வேலையிலும் இருளர் குடும்பங்கள் எப்படிக் கட்டுண்டு கிடந்தார்கள், இன்னும் கிடக்கிறார்கள் என்பது களத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். சூளையிலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெரியவரிடம், கோட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் விடுதலைச் சான்றுக்காகக் காத்திருந்தபோது, "ஏம்ப்பா, பூட்டு இல்ல, வேலி இல்ல, இத்தன வருஷம் ஏன் கிளம்பி வரல?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "எங்கப்பா வாக்குக் குடுத்துட்டாருங்க. வாக்கு மாறக் கூடாதுல்ல." முன்பணம் வாங்கியது அப்பா. தொகை எவ்வளவு என்பதுகூட மகனுக்குத் தெரியாது. வாக்கு மட்டும் தெரியும்.

அந்த மனிதரின் நேர்மையைத்தான் முதலாளி சங்கிலியாகப் பயன்படுத்தினான். அதே சங்கிலியைத்தான் ராஜமௌலி தங்க முலாம் பூசிப் பெரிய திரையில் காட்டுகிறார். அமரேந்திர பாகுபலி கட்டப்பாவை "மாமா" என்று கூப்பிடுகிறான் அல்லவா, அதைச் சொல்லித்தான் நண்பர்கள் என்னை மடக்குவார்கள். நல்ல ராஜா, அன்பான ராஜா என்று. நம் ஊர்ப் பண்ணையார் வீட்டிலும் இதே அன்பு உண்டு. குழந்தை "தாத்தா" என்று கூப்பிடும், தாத்தாவுக்குச் சோறு கொல்லைப்புறத்தில். மாமா என்று கூப்பிட்டவன், அடிமைத்தனத்தை ரத்து செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னானா? அவனுக்குப் பின் அவன் மகன் சொன்னானா? இரண்டு பாகங்களிலும் கட்டப்பா விடுதலையாகிற காட்சி கிடையாது. பல்லாளதேவனைவிட்டு அவன் விலகுவதே, மண்டியிட இன்னொரு ராஜா கிடைத்த பிறகுதான். அதுவரை இருபத்தைந்து வருடம், முற்றத்தில் தேவசேனா சங்கிலியோடு கிடக்க, அந்தக் கொடுங்கோலனுக்குத்தான் வாள் பிடித்தான். இதற்குப் பெயர் விசுவாசமாம்.

முதல் பாகத்தில் அந்தப் பையனின் காலை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்கிறாரே, அந்த நடிகர் 2007-ல் 'பெரியார்' படத்தில் பெரியாராக வாழ்ந்துகாட்டிய சத்யராஜ். நடிகர் எந்த வேடமும் போடலாம், அதில் குற்றம் இல்லை. ஆனாலும் அந்தக் காட்சியில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

தமிழ்ப் பதிப்புக்கு இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. மறந்துவிட்டவர்களுக்காகவும், அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்காகவும் சொல்கிறேன். 2015-ல் முதல் பாகம் வந்தபோது, எதிரியை இழிவுபடுத்தும் வசனத்தில் "பகடைக்குப் பிறந்தவன்" என்று வந்தது. பகடை என்பது அருந்ததியர் மக்களைக் குறிக்கும் பெயர். பூலித்தேவர் படையில் நின்று வெள்ளையரை எதிர்த்த ஒண்டிவீரன் பகடையின் பெயர். போராட்டம் வெடித்தது. மதுரையில் ஒரு தியேட்டர் மீது பெட்ரோல் குண்டு வீசினார்கள். அது நம் வழி இல்லை, படம் பார்க்க வந்த மக்கள்மேல் தீ விழக்கூடிய எதுவும் நம் வழியாக முடியாது. வசனம் எழுதிய மதன் கார்க்கி, சூதாட்டப் பகடை என்ற பொருளில்தான் எழுதினேன், அந்த உள்ளர்த்தம் தெரியாது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

அவர் சொன்னதை நான் நம்புகிறேன். நம்புவதால்தான் கோபம் கூடுகிறது. காலகேயர்களுக்காக ஒரு மொழியையே உருவாக்கியவர் அவர். கிலிக்கி என்று பெயர் வைத்து, சொல்லும் இலக்கணமும் சேர்த்து, இல்லாத ஒரு கூட்டத்துக்கு ஒரு பாஷை செய்தார். இருக்கிற ஒரு மக்களின் பெயர் மட்டும் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2009-லேயே அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்து, செய்தித்தாள் முழுக்க அந்தப் பேச்சாக இருந்தது. தெரியாமல் இருப்பதும் ஒரு வசதிதான். தெரிந்துகொள்ளாமலே வாழ்ந்துவிட முடிகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிற வசதி. விழுப்புரம் மாவட்டத்தில் நமக்கு அது வாய்க்கவில்லை. 1978 ஜூலையில் 12 தலித்துகளை வெட்டியும் எரித்தும் கொன்ற ஊர் இது.

அந்தக் காலகேயர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கறுப்பு. கறுப்பின் மேல் இன்னும் கறுப்பு பூசியிருக்கிறார்கள். அழுக்கு, கோணல் பல், புரியாத பேச்சு. மகிழ்மதிக்காரர்கள் வெளுப்பு. தமிழ் பேசும் ஊரில், கறுத்த தோலோடு உட்கார்ந்துகொண்டு, வெளுத்தவன் கறுத்தவனை வெட்டும்போது நாம் விசில் அடித்தோம்.

இனி வம்சக் கதை. குழந்தையை வெள்ளத்தில் எடுத்து, பால் கொடுத்து, கல்லும் மலையும் ஏறப் பழக்கி வளர்த்தது அருவிக்குக் கீழே வாழும் பழங்குடி மக்கள். சங்கா என்கிற அந்தத் தாய். ரோகிணி நடித்திருப்பார். பையனுக்கு இருந்த பலம், துணிச்சல், பாசம் எல்லாம் அவர்கள் மடியில் வளர்ந்தது. அவன் ராஜ வித்து என்று தெரிந்த நொடியில் அந்தத் தாய் கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிடுகிறாள். இரண்டாம் பாகத்தில் சங்கா எத்தனை நிமிடம் வருகிறாள் என்று கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். வளர்த்தவள் கணக்கில் இல்லை, ரத்தம்தான் கணக்கு. க்ஷத்திரிய தர்மம் என்று இரண்டாம் பாகம் பேசுகிறதே, அதன் நடைமுறை இதுதான்.

இந்த வித்தை புதிதில்லை. மதுரை வீரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கிலியர் வீட்டில் வளர்ந்த வீரன், மேல்சாதிப் பெண்ணான பொம்மியைக் கூட்டிக்கொண்டு போனவன், மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்து, சாமியானவன். அவனை ஒரு சக்கிலிய வீரனாகவே விட்டுவைக்க முடியவில்லை. காசி ராஜாவுக்குப் பிறந்தான், மாலை சுற்றிப் பிறந்ததால் காட்டில் விட்டார்கள், சின்னானும் அவன் மனைவியும் எடுத்து வளர்த்தார்கள் என்று ஒரு முன்கதை. 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் இதே கதைதான். என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் வளர்த்த பெற்றோர். முத்துப்பட்டன் கதையிலும் இதே கைவேலை. வாலப்பகடையின் மகள்களைப் பிராமண இளைஞன் மணந்தான் என்பதைப் பொறுக்க முடியாமல், அந்தப் பெண்களே பிராமணப் பிறப்பு என்று சில வடிவங்களில் மாற்றியிருக்கிறார்கள். வீரம், அழகு, அறிவு எது நம் வீட்டில் முளைத்தாலும் விதை வேறு வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும். மகேந்திர பாகுபலி, மதுரை வீரனின் கணினி வரைகலைப் பதிப்பு.

"கற்பனைக் கதைதானே, இதில் போய் சாதியா?" என்று ஒரு தம்பி கேட்டான். படித்த பிள்ளை, முதுகலை இரண்டாம் ஆண்டு. தம்பி, கற்பனை என்பதுதான் என் புகாரே. இரண்டாம் பாகத்தில் கப்பல் வானத்தில் மிதக்கிறது. மாட்டின் கொம்பில் தீ வைத்துப் படையை விரட்டுகிறார்கள். பனைமரத்தை வளைத்து, வீரர்களைக் கேடயத்துக்குள் சுருட்டி, கோட்டைக்குள் எறிகிறார்கள். இயற்பியலை இவ்வளவு சுலபமாக உடைக்க முடிந்தவர்களுக்கு, ஒரு அடிமையின் தளையை உடைக்கத் தோன்றவில்லை. புவியீர்ப்பைவிட சாதி பலமாக இருக்கிறது அவர்கள் உலகத்தில்.

ராஜா கதை என்றாலே அப்படித்தான் இருக்கும் என்பதும் சரியில்லை. 1965-ல் பந்துலு எடுத்த 'ஆயிரத்தில் ஒருவன்' ராஜா ராணிக் கதைதான், கடல், கப்பல், வாள்சண்டை எல்லாம் உண்டு. அதில் கதாநாயகன் அடிமையாக விற்கப்படுகிறான், அடிமைகளோடு சேர்ந்து கிளம்புகிறான். வெளிநாட்டுக் கதையைத் தழுவியது, நடித்தது எம்.ஜி.ஆர்., அதில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் அடிமை விடுதலையாக வேண்டும் என்பது அந்தக் கதைக்குத் தெரிந்திருந்தது. அரை நூற்றாண்டு கழித்து, பல மடங்கு பணம் போட்டு எடுத்த கதைக்கு அது தெரியவில்லை. 2021-ல் மாரி செல்வராஜ் 'கர்ணன்' எடுத்தார். துரியோதனன், அபிமன்யு என்ற பெயர்களை நம் ஊர் ஆட்களுக்கு வைத்து, கண்ணபிரான் என்ற பெயரைப் போலீஸ் அதிகாரிக்கு வைத்தார். இதிகாசத்தைத் தூக்கி எறியவில்லை, திருப்பிப் போட்டார். இரஞ்சித் 'தங்கலான்' எடுத்தபோது, புரியவில்லை, கத்துகிறார்கள் என்று சலித்துக்கொண்டவர்கள் பலர், கிலிக்கி மட்டும் அவர்களுக்குப் புரிந்தது போலிருக்கிறது.

எடுத்தால் வெட்ட முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. முதல் பாகத்தில் அவந்திகாவின் ஆயுதத்தைப் பறித்து, ஆடையைக் களைந்து, பொட்டு வைத்து 'பெண்ணாக்கும்' காட்சி வந்தபோது பெண்கள் கடுமையாக எழுதினார்கள். இப்போது சேர்த்து வெளியிட்ட பதிப்பில் அவந்திகாவின் காதல் பகுதி போய்விட்டது. நீளத்துக்காக வெட்டினார்களாம், சரி, எதற்காகவோ. கட்டப்பாவின் தலைமேல் இருக்கும் கால் மட்டும் எந்தப் பதிப்பிலும் நீளமாகத் தெரியாது.

செஞ்சிக்காரர்களுக்கு இந்தப் படம் வெறும் படமாக முடிந்துவிடாது. நம் ஊரே ஒரு மகிழ்மதி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியப் போர்க்களக் கோட்டைகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை நம்முடையது. 1677-ல் சிவாஜி பிடித்தார். 1690 முதல் 1698 வரை ராஜாராமை உள்ளே வைத்து முகலாயர் முற்றுகை. இதெல்லாம் இனி பலகையில் இருக்கும், வழிகாட்டிகள் ஒப்பிப்பார்கள். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். ஏழெட்டு வருட முற்றுகையில் அந்த உச்சிக்கு நெல் மூட்டையை யார் தூக்கினார்கள்? மலக்குழியை யார் அள்ளினார்கள்? செத்த குதிரையை யார் இழுத்துப் போட்டார்கள்? களஞ்சியம் இருக்கிறது, குதிரை லாயம் இருக்கிறது, ஆட்கள் மட்டும் காணோம்.

1714-ல் ஆற்காடு நவாபோடு மோதிச் செத்த தேசிங்கு ராஜாவைத் தெரியாத குழந்தை இங்கே இல்லை. அவர் குதிரைக்குப் பெயர் இருக்கிறது, பாராசாரி. நண்பன் முகமது கானுக்குப் பாட்டில் இடம் இருக்கிறது, சந்தோஷம். அந்தக் குதிரைக்குச் சேணம் தைத்தவன் பெயர் என்ன? கடிவாளம், கேடயத் தோல், கிணற்றில் நீர் இறைக்கும் தோல் சால், இத்தனையும் இல்லாமல் ஒரு கோட்டை ஒரு நாள் தாங்குமா?

பெயர் முழுதாக அழியவும் இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சந்திரகிரிக்குத் தெற்கே சின்னதாக, அரணோடு கூடிய நான்காவது குன்று ஒன்று உண்டு. பழைய நூல்களில் அதன் பெயர் சக்கிலிதுர்க்கம். இழிசொல்லாக மாற்றப்பட்ட சாதிப் பெயர்தான், ஆனால் கோட்டை வரைபடத்தில் துர்க்கம் என்ற சொல்லோடு சேர்ந்து நிற்கிறது. முக்கியமில்லாத குன்று என்று ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். சுற்றுலா வருகிறவர்களை அங்கே யாரும் கூட்டிப்போவதில்லை. ரீல்ஸ் எடுக்கவும் யாரும் ஏறுவதில்லை.

இதில் நமக்கும் ஒரு கொட்டு உண்டு. நம் மாவட்டத்தில் அருந்ததியர் எண்ணிக்கை குறைவு. தலித் இயக்கம் என்று நாம் கூடும் கூட்டத்தில் அவர்களில் எத்தனை பேர் மேடையில் இருக்கிறார்கள்? உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது முகம் சுளித்தவர்கள் நம்மிடையே இல்லையா? மகிழ்மதியைத் திட்டிக்கொண்டே நாமும் சின்னச் சின்ன சிம்மாசனம் போட்டுக்கொள்ள முடியும்.

இதே மண்ணில் இதிகாசத்தை வேறு மாதிரியும் நடத்தினார்கள். செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கும் பாரதக் கூத்துக்கும் தாய்வீடு, மேலச்சேரி கோயில் இதோ பக்கத்தில். கூத்தில் ராஜா திரைக்குப் பின்னாலிருந்து கர்ஜித்துக்கொண்டு வருவான். கட்டியங்காரன் முன்னால் நின்று, யாருய்யா நீ, எந்த ஊரு, என்ன சோலி என்று கேட்பான். துரியோதனனாக இருந்தாலும் அவனுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ராஜாவைப் பார்த்துச் சிரிக்க ஒரு ஆளை ஆட்டத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள் நம் ஆட்கள். பாகுபலியில் அப்படி ஒரு ஆள் இல்லை. நகைச்சுவைக்குக்கூட கட்டப்பாவைத்தான் குந்தள தேசத்தில் கோமாளியாக்கினார்கள். கூத்தைப் பூசி மெழுகவும் நான் தயாராக இல்லை. இதே விழுப்புரம் மாவட்டத்தில், மேல்பாதியில், அதே திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் வரக் கூடாது என்று தடுத்து, 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்கும் நிலைக்கு வந்தது. சபையில் நியாயம் கேட்ட ஒரு பெண்ணின் கோயில் அது.

இரண்டாம் பாகம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ஒரு குழந்தையின் குரல் கேட்கும், பலர் அதற்குள் எழுந்து போயிருப்பார்கள். மகேந்திர பாகுபலிக்குப் பிறகு அவன் மகன்தான் ராஜாவா என்று அந்தக் குழந்தை கேட்கும். சிவன் மனதில் என்ன இருக்கிறதோ, யாருக்குத் தெரியும் என்று பதில் வரும். எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் இந்தப் படத்தைப் போட்டபோது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வேறு மாதிரி கேட்டது: "கட்டப்பாவுக்குப் புள்ள இருந்தா அவனும் இப்டித்தான் இருக்கணுமா?" மற்ற பிள்ளைகள் கதையை மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கட்டப்பா பாரசீகக்காரனோடு கப்பலேறிப் போய்விடுகிறான் என்றது ஒன்று. வாளைச் சிவகாமி முன்னால் போட்டுவிட்டு, நீயே போய் வெட்டிக்கோ என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான் என்றது இன்னொன்று. இதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

அந்த வடிவத்தை அவர்களே நாடகமாகப் போடப்போகிறார்கள். கட்டியங்காரன் வேடத்துக்கு இன்னும் ஆள் தேவை. கொஞ்சம் வாய் நீளமானவர்கள் வந்து சொல்லிக்கொடுத்தால் நல்லது. ஒத்திகை நாளில் காலையில் பிள்ளைகளைச் சக்கிலிதுர்க்கத்துக்குக் கூட்டிப்போகிறோம். பாதை சரியில்லை, முள் அதிகம். செருப்போடு வாருங்கள், தண்ணீர் கொண்டுவாருங்கள்.